எட்டுப் புள்ளிகள்: தோற்ற நட்சத்திரத்தை விமர்சிப்பது குறித்து

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் இந்த வழக்கு தவறாமல் விசாரணைக்கு வருகிறது. என்பிஏ பிளேஆஃப் சுற்றில் ஓர் அணி வெளியேறும். அவ்வணியின் நட்சத்திர வீரர் கூண்டில் ஏற்றப்படுவார். ஒரு தரப்பு, "இவருக்கு நெஞ்சுரம் இல்லை, நெருக்கடியில் ஒளிந்துகொள்கிறார்" என்னும். மறு தரப்பு, "பந்தைத் தொட்டே அறியாதவர்கள் பேசலாகாது" என்னும். வாதம் எந்த வீரரைப் பற்றித் தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி 2011க்கு வந்து சேர்ந்துவிடுகிறது. லெப்ரான் ஜேம்ஸின் ரசிகர்களை வாயடைக்க அவருடைய எதிர்ப்பாளர்கள் கைவசம் வைத்திருக்கும் துருப்புச்சீட்டு அந்த ஆண்டின் இறுதிச் சுற்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அது செல்லுபடியாகிறது. ஆகவே அந்தச் சீட்டைச் சற்று நிதானமாகத் திருப்பிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் எதிர்ப்பாளர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். மியாமி ஹீட் அணி டல்லஸ் மாவரிக்ஸ் அணியிடம் 4-2 என்ற கணக்கில் தோற்றது. லீக் ஆட்டங்களில் சராசரியாக 26.7 புள்ளிகள் எடுத்திருந்த லெப்ரான், இறுதிச் சுற்றில் எடுத்தது 17.8. நான்காம் ஆட்டத்தில் 11 முறை கூடையை நோக்கி எறிந்து மூன்று முறை மட்டுமே வென்றார். மொத்தம் 8 புள்ளிகள். அதற்கு முன் எந்த பிளேஆஃப் ஆட்டத்திலும் அவர் பத்துக்குக் கீழே இறங்கியதில்லை. அந்த ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஒரு புள்ளியும் இல்லை. மியாமி தோற்றது வெறும் மூன்று புள்ளி இடைவெளியில், 86-83. ஆறு ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதிகளையும் சேர்த்துக் கூட்டினால் அவர் கணக்கில் வருவது 18 புள்ளிகள். அதே தொடரில் அவருடைய தோழர் டுவைன் வேட் சராசரியாக 26.5 எடுத்தார் என்பதையும் வைத்துப் பார்த்தால், "அணியே சரியில்லை" என்ற சமாதானமும் நிற்காது. லெப்ரான் அந்தத் தொடரில் மோசமாக ஆடினார். அவரைப் போற்றுபவர்கள் இதை மறுக்கும்போது தங்கள் கட்சியைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள்.

கேள்வி, அவர் ஏன் மோசமாக ஆடினார் என்பதுதான். இங்கே இருவகை விடைகள் உள்ளன. வெளிப்பார்வைக்கு இரண்டும் விமர்சனம் போலவே தோன்றும்.

முதல்வகை விடை ஆட்டத்திலிருந்து பிறப்பது. டல்லஸ் அணி ஆளுக்கு ஆள் காவல் நிற்காமல், பல வேளைகளில் இடத்துக்கு இடம் காவல் நிற்கும் ஜோன் தடுப்பைக் கையாண்டது. லெப்ரானின் பெரும்பலம் வேகமாகக் கூடையை நோக்கிப் பாய்வது. பாய்ந்தால் உள்ளே டைசன் சாண்ட்லர் என்ற நெடியவர் காத்திருந்தார். வெளியிலிருந்து எறிய அவருக்கு அன்று நம்பிக்கை இல்லை. மூன்றாவது வழி ஒன்று உண்டு: கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை அங்கே வாங்கி, தடுப்பவரை உடல்பலத்தால் பின்னுக்குத் தள்ளி எறிவது. போஸ்ட்-அப் என்பார்கள். ஆறடி எட்டங்குல உயரமும் அதற்கேற்ற வலிமையும் கொண்ட ஒருவருக்கு இது இயல்பாகக் கைவர வேண்டிய வித்தை. ஆறடியைத் தாண்டாத ஜே. ஜே. பரேயா தம்மைக் காவல் காத்த கணங்களில்கூட லெப்ரான் அதைச் செய்யவில்லை. காரணம், அவரிடம் அந்த வித்தை முழுமையாக இல்லை. ஆகவே வேட்டிடம் பந்தைக் கொடுத்துவிட்டு வளைகோட்டுக்கு வெளியே நின்றார். தொலைக்காட்சியில் அது "ஒளிந்துகொள்வது" போலத்தான் தெரிந்தது.

இரண்டாம் வகை விடை குணத்திலிருந்து பிறப்பது: அவர் கோழை, சாம்பியன்களுக்குரிய மனம் அவருக்கு வாய்க்கவில்லை. இந்த விடை அந்த ஜூன் மாதத்தில் பிறந்ததன்று. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், தாம் கிளீவ்லாந்தை விட்டு மியாமிக்குப் போகிறேன் என்பதை இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் ஒரு தனி நிகழ்ச்சியாகவே நடத்தி அறிவித்தார் லெப்ரான். மறுநாள் மியாமி மேடையில் நின்று, ஒன்றல்ல, இரண்டல்ல என்று வெல்லப்போகும் கோப்பைகளை எண்ணிக்கொண்டே போனார். கிளீவ்லாந்தில் அவருடைய ஜெர்சிகள் எரிந்தன. அந்தக் கோபம் நியாயமானதா என்பது வேறு விவாதம். என்னைக் கேட்டால், பிறந்த மண்டலத்தின் அணியைத் தொலைக்காட்சியில் வைத்துக் கைவிட்டது ரசனைக் குறைவான செயல். ஆனால் அந்தக் கடனை வசூலிக்கக் கூடைப்பந்து மைதானத்தைத் தேர்ந்தெடுத்தபோது, தீர்ப்பு முன்பே எழுதப்பட்டு, சாட்சியம் பின்னால் தேடப்பட்டது.

அந்தச் சாட்சியத்திலும் ஒரு சிக்கல். இறுதிச் சுற்றுக்கு முன் மியாமி சிகாகோ புல்ஸ் அணியை 4-1 என்று வென்றது. அந்தத் தொடரின் இறுதி நிமிடங்களில் ஆட்டங்களை முடித்துவைத்தவர் லெப்ரான். அவ்வாண்டின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்ற டெரிக் ரோஸைக் கடைசிக் கட்டங்களில் காவல் காத்துக் கட்டிப்போட்டவரும் அவரே. அத்தொடர் முடிந்தது மே 26 அன்று. எட்டுப் புள்ளி ஆட்டம் ஜூன் 7 அன்று. பன்னிரண்டு நாட்களில் ஒரு மனிதரின் நெஞ்சுரம் எங்கே போயிற்று? குணம் என்பது அத்தனை விரைவில் ஆவியாகும் பொருளா? எதிரணியின் தடுப்பு வேறு, அதனால் விளைவும் வேறு என்று சொன்னால் இந்தப் புதிர் எளிதாக அவிழ்கிறது.

எதிர்முனையில் நின்ற டிர்க் நோவிட்ஸ்கியைப் பார்ப்போம். அந்தத் தொடரின் நாயகர் அவர். நான்காம் ஆட்டத்தில் கடுங்காய்ச்சலோடு ஆடி வென்றார். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2007இல், 67 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் இருந்த அவருடைய அணி, எட்டாம் இடத்திலிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. வெளியேற்றப்பட்ட ஆட்டத்தில் டிர்க் 13 முறை எறிந்து இரண்டில் வென்றார். மொத்தம் 8 புள்ளிகள். ஆம், அதே எட்டு. லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை அவர் வாங்கியது அந்தத் தோல்விக்குப் பின்னர்தான். அதைவிடச் சங்கடமான விருது விழா இருந்திருக்காது. அப்போது அவரைப் பற்றிச் சொன்னதும் இதேதான்: மென்மையானவர், ஐரோப்பியர், நெருக்கடிக்கு ஆகாதவர். எதிரணிப் பயிற்சியாளர் டான் நெல்சன் முன்பு டல்லஸில் டிர்க்கையே பயிற்றுவித்தவர் என்பதும், உயரம் குறைந்த ஆனால் விரைவான வீரர்களை அவர்மேல் ஏவினால் அவர் தடுமாறுவார் என்று நெல்சன் அறிந்திருந்தார் என்பதும் எத்தனை பேர் பேச்சில் இடம்பெற்றன?

இன்னும் ஒன்று. 2011 இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டம், கோப்பையைத் தீர்மானித்த ஆட்டம். அதன் முதற்பாதியில் டிர்க் 12 முறை எறிந்து ஒன்றில் வென்றார். ஆட்டம் முழுவதிலும் 27க்கு 9. மொத்தம் 21 புள்ளிகள். லெப்ரான் அதே ஆட்டத்தில் 15க்கு 9. அவருக்கும் 21 புள்ளிகள். (லெப்ரான் ஆறு முறை பந்தைப் பறிகொடுத்தார், அதை மறைக்க விரும்பவில்லை.) டல்லஸைத் தூக்கி நிறுத்தியவர் மாற்று வீரராக வந்து 27 புள்ளிகள் குவித்த ஜேசன் டெர்ரி. டெர்ரியின் எறிதல்கள் அன்று தவறியிருந்து, ஏழாம் ஆட்டத்தையும் டல்லஸ் இழந்திருந்தால், அந்த "12க்கு 1" இன்று மீம்களில் வாழ்ந்துகொண்டிருக்கும். டல்லஸ் வென்றதால் அது விடாமுயற்சியின் கதையாயிற்று.

முடிவைத் தெரிந்துகொண்டபின் அதற்கு முந்தைய செயலை எடைபோடும்போது நம் தராசு சாய்கிறது என்பதை ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி ஆகிய இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது. மருத்துவர் எடுத்த ஒரே முடிவு; நோயாளி பிழைத்தார் என்று சொன்னால் மக்கள் அதை நல்ல முடிவு என்றார்கள், இறந்தார் என்று சொன்னால் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். மருத்துவரிடம் இருந்த தகவல் இரண்டு நிலையிலும் ஒன்றே. விளையாட்டு ரசிகரின் நிலை இதைவிடக் கடினம். அவருக்கு முடிவு மட்டும் தெரிந்திருப்பதில்லை, ஒரு கட்சியும் இருக்கிறது.

இதைச் சொல்வதால் நான் மறு தரப்பில் சேர்ந்துவிட்டேன் என்று கொள்ள வேண்டாம். தோல்விக்குப் பின் செய்தியாளர் சந்திப்பில் லெப்ரான் சொன்ன பதில் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. தாம் தோற்க வேண்டும் என்று விரும்பியவர்கள் நாளைக் காலை எழுந்து தங்கள் பழைய வாழ்க்கைக்கும் பழைய சிக்கல்களுக்கும்தான் திரும்ப வேண்டும் என்ற பொருள்பட அவர் பேசினார். விமர்சிப்பவரின் வாழ்க்கை வசதியைக் கொண்டு விமர்சனத்தைத் தள்ளுபடி செய்யும் வாதம் இது. ரசிகர்கள் இதைத் தங்கள் மொழியில் "நீ ஆடிப் பார்" என்று மாற்றிச் சொல்கிறார்கள். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் கூடியது தெரியும். பார்வையாளரின் கண்ணும் கருத்தும் இல்லையென்றால் இந்த ஆட்டத்துக்கு அரங்கும் இல்லை, ஊதியமும் இல்லை. ஒரு நட்சத்திரம் கூடைக்கு அருகே போக மறுத்தார் என்று பார்வையாளர் சொன்னால், அது அவருக்குரிய உரிமை.

ஆனால் "போக மறுத்தார்" என்பதற்கும் "ஆண்மையற்றவர்" என்பதற்கும் இடையே உள்ள தூரம் நம் ஊரிலும் நன்கு தெரிந்ததுதான். டிர்க் எட்டுப் புள்ளி எடுத்த அதே 2007இல், உலகக்கோப்பைத் தோல்விக்காக ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டைத் தாக்கினார்கள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவர் இருபது ஓவர் உலகக்கோப்பையோடு திரும்பினார்.

லெப்ரானின் கதை எப்படித் தொடர்ந்தது என்பது தெரிந்ததே. 2011 கோடையில் அவர் ஹூஸ்டனுக்குப் போய், கூடைக்கு முதுகு காட்டி ஆடும் கலையில் இணையற்றவரான ஹகீம் ஒலாஜுவானிடம் பாடம் கேட்டார். அடுத்த ஆண்டு மியாமி ஓக்லஹோமா சிட்டி தண்டரை 4-1 என்று வென்றது. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் லெப்ரான். முதல்வகை விமர்சகர்கள் சுட்டிய குறை, கற்றுக்கொள்ளத்தக்க குறை, அவர் கற்றுக்கொண்டார். இரண்டாம் வகையினர் என்ன சொன்னார்கள்? "இப்போதுதான் நெஞ்சுரம் வந்தது." தோற்றால் குணம் இல்லை, வென்றால் குணம் வந்துவிட்டது. எந்த முடிவு வந்தாலும் பொய்யாகாத ஒரு விளக்கத்தை ஆய்வுலகில் எந்த நெறியாளரும் ஏற்கமாட்டார்.

பின்னூட்டத்தில் 2011ஐ எடுத்துக்கொண்டு வரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்காம் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியை முழுவதுமாக ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பந்து கையில் இல்லாதபோது லெப்ரான் எங்கே நிற்கிறார், அவருக்கும் கூடைக்கும் இடையே யார் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு எழுதுங்கள். அவரை எவ்வளவு கடுமையாகத் திட்டியிருந்தாலும் பதில் எழுதுகிறேன்.