‘ஹார்ட்ஃபெல்ட்’ என்று போட்டால் போதுமா? மனதைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகள்!

இரவு 10 மணி. அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி. கூட வேலை பார்ப்பவரின் அப்பா இறந்துவிட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் வரிசையாகப் பதில்கள். எல்லாவற்றிலும் ‘ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்’. சிலர் மேலே வந்ததை அப்படியே காப்பி செய்து போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறார். அந்த வீட்டுக்குப் போய் வந்தவர் அவர். அந்தப் பெரியவர் கையால் காபி வாங்கிக் குடித்தவர். அவருக்கும் அதே வரிதானா?

துக்கம் விசாரிக்கும்போது மட்டும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், ஆசிரியருக்கு நன்றி சொல்லும்போதும் இதே தடுமாற்றம்தான். இலக்கணம் சரியாக இருக்கும், மனசு அதில் இருக்காது. அகராதியைத் திறந்தால் ‘ஆர்வம்’, ‘தீவிரம்’ என்ற பொருளில் ஏழெட்டு வார்த்தைகள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது? ஒவ்வொரு வார்த்தையும் எங்கே பிறந்தது என்று தெரிந்தால், எதை எங்கே வைக்கலாம் என்பதும் பிடிபட்டுவிடும்.

சாமி வந்த வார்த்தை

‘என்தூசியாசம்’ கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘உள்ளே கடவுள் இருக்கிறார்’ என்பதுதான் அதன் வேர்ப்பொருள். நம் ஊர் மொழியில் சொன்னால், சாமி வந்து ஆடுவது! அதனால் 17, 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது பாராட்டாக இல்லை. கடவுள் தன்னிடம் நேரடியாகப் பேசுகிறார் என்று நம்புபவர்களைக் கிண்டல் செய்யும் வார்த்தையாக இருந்தது. 1755-ல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியும் முதலில் அந்தப் பொருளைத்தான் தருகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையும் அவரைப் பின்பற்றியவர்களையும் இப்படித்தான் ஏசினார்கள்.

இன்று அந்தக் கசப்பு போய்விட்டது. ‘என்தூசியாஸ்டிக்’ என்றால் உற்சாகம் பொங்குகிறவர். ‘என்தூசியாஸ்டிக் அபௌட்’ என்று எழுத வேண்டும். புதிய பொறுப்பு, பயணம், விளையாட்டு என்று வெளியே தெரியும் உற்சாகத்துக்குப் பொருத்தம். அமைதியான, ஆழமான உணர்வுக்கு இது சரிவராது.

நெருப்பும் கொதிநீரும்

‘ஆர்டென்ட்’ என்பதன் லத்தீன் வேருக்கு ‘எரிதல்’ என்று பொருள். வேண்டுமென்றே தீ வைக்கும் குற்றத்தைச் சொல்லும் ‘ஆர்சன்’ என்ற சட்டச் சொல்லுக்கும் அதே வேர்தான். ‘ஆர்டென்ட் ஃபேன்’ என்றால் தீவிர ரசிகர். முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பவரைத் தாராளமாக அப்படிச் சொல்லலாம்.

‘ஃபெர்வென்ட்’ கொதிப்பிலிருந்து வந்தது. சோடா பாட்டிலைத் திறந்தால் நுரை பொங்குமே, அதைச் சொல்லும் ‘எஃபர்வெசென்ட்’ இதன் உறவுக்காரர். பிரார்த்தனை, நம்பிக்கை, வேண்டுகோள் ஆகியவற்றோடு ஃபெர்வென்ட் நன்றாகச் சேரும். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரின் வேண்டுதல் ‘ஃபெர்வென்ட் பிரேயர்’. இதையே ஆபீஸ் லீவ் லெட்டரில் எழுதினால் சிரித்துவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் எரிகிறது, கொதிக்கிறது. தமிழில் மனசு உருகுகிறது. சூடு என்னவோ ஒன்றுதான்.

வலியில் பிறந்த ‘பேஷன்’

துணிக்கடை ஃபேஷன் இல்லை, இது வேறு பேஷன். லத்தீனில் இதன் வேருக்கு ‘துன்பத்தைத் தாங்குதல்’ என்று பொருள். இயேசு சிலுவையில் பட்ட பாடுகளை ஆங்கிலத்தில் இன்றும் ‘பேஷன்’ என்றே சொல்கிறார்கள். நோயாளியைக் குறிக்கும் ‘பேஷன்ட்’, இன்னொருவர் வலியில் பங்கெடுப்பதைக் குறிக்கும் ‘கம்பேஷன்’ எல்லாம் ஒரே குடும்பம்.

ஆக, ஒன்றின் மீது பேஷன் இருக்கிறது என்றால், அதற்காகக் கஷ்டப்படவும் தயார் என்பது உள்ளே ஒளிந்திருக்கிறது. ‘ஐ ஆம் பேஷனேட் அபௌட் டீச்சிங்’ என்று பயோடேட்டாவில் எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். அதற்காக எதை விட்டுக்கொடுத்தோம்? பதில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ‘இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்’ என்ற ஒரு வரி போதும். பதில் இல்லையா? ‘இன்ட்ரஸ்டட் இன்’ என்பதே நேர்மையான வார்த்தை. அதில் ஒரு குறைவும் இல்லை.

புளிப்பும் பொறாமையும்

‘ஈகர்’ என்றால் ஆவல். இதன் பழைய பிரெஞ்சு வடிவத்துக்குக் காரம், புளிப்பு என்று பொருள். புளித்த ஒயின்தான் ‘வினிகர்’. அதன் வாலில் இருப்பதும் இதே வார்த்தை! ‘ஈகர் டு லேர்ன்’ என்றால், நாக்கில் எச்சில் ஊறுவது போல, கற்றுக்கொள்ளத் துடிப்பவர்.

பலர் இந்த இடத்தில் ‘ஆங்ஷியஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதில் கவலை கலந்திருக்கிறது. புது வேலையில் சேரக் காத்திருந்தால் ஈகர். பரீட்சை முடிவுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தால் ஆங்ஷியஸ்.

‘ஸெலஸ்’ என்பதும் தீவிரம்தான். பொறாமையைச் சொல்லும் ‘ஜெலஸ்’ இதன் உடன்பிறப்பு, இரண்டுக்கும் ஒரே கிரேக்க வேர். முன்னால் ‘ஓவர்’ சேர்ந்தால் அளவு மீறிய ஆர்வக்கோளாறு ஆகிவிடும். ஆகவே, தன்னைப் பற்றிச் சொல்ல இதைத் தவிர்ப்பதே நல்லது.

‘சின்சியர்’ படுத்தும் பாடு

நம்மை அதிகம் ஏமாற்றும் வார்த்தை இதுதான். ‘பையன் ரொம்ப சின்சியர்’ என்று நாம் சொன்னால், ஒழுங்காக உழைக்கிறான் என்று அர்த்தம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு சின்சியர் என்றால் பாசாங்கு இல்லாதவர், மனதில் இருப்பதைப் பேசுபவர். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது, உழைப்பைச் சொல்ல ‘ஹார்ட்வொர்க்கிங்’ அல்லது ‘டிலிஜென்ட்’ போடுங்கள்.

‘மெழுகு இல்லாதது’ என்ற லத்தீன் தொடரிலிருந்துதான் சின்சியர் வந்தது, சிற்பிகள் விரிசலை மெழுகால் மறைத்த காலத்துக் கதை இது என்று அடிக்கடி ஒரு ஃபார்வர்ட் வரும். அழகான கதைதான், உண்மை இல்லை. லத்தீனில் அந்தச் சொல்லுக்குத் ‘தூய்மையானது, கலப்படம் இல்லாதது’ என்றே பொருள்.

பள்ளி லீவ் லெட்டரில் நாம் எழுதிய ‘தங்கள் உண்மையுள்ள’ நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு இரண்டு தொடர்கள். பிரிட்டிஷ் வழக்கப்படி, ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’.

தேய்ந்துபோன வார்த்தைகள்

‘த்ரில்’ என்பதன் பழைய ஆங்கில வேருக்குத் ‘துளைத்தல்’ என்று பொருள். மூக்குத் துவாரத்தைச் சொல்லும் ‘நாஸ்ட்ரில்’ என்ற வார்த்தைக்குள்ளும் அதே துளை இருக்கிறது. உடம்பைத் துளைத்துக்கொண்டு போகும் சிலிர்ப்புதான் த்ரில். இன்று லிங்க்ட்இன்னில் மூன்று நாள் ஆன்லைன் சான்றிதழுக்கும் ‘த்ரில்ட் டு அனௌன்ஸ்’ போடுகிறார்கள்.

‘ஆசம்’ கதையும் அதுதான். பயமும் பக்தியும் கலந்த பிரமிப்பைச் சொன்ன வார்த்தை, இப்போது பரோட்டா சால்னாவுக்கும் வருகிறது. நண்பர்களுக்குள் பேசும்போது தப்பே இல்லை. ஆனால், தினமும் செலவழித்த வார்த்தை, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் கை கொடுக்காது.

சரி, என்னதான் எழுதுவது?

மூன்று விஷயங்களை மனதில் வைத்தால் போதும். உணர்வின் அளவுக்கு ஏற்ற வார்த்தையை எடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு கனமான வார்த்தைக்கு மேல் வேண்டாம். ‘வெரி’, ‘ரியலி’, ‘ட்ரூலி’ என்று அடுக்குவதற்குப் பதில், உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தைச் சேருங்கள்.

குரூப்பில் டைப் செய்வதும் அழிப்பதுமாக இருந்தவருக்கும் இது பொருந்தும். அங்கே பொதுவாக ஒரு வரி போட்டுவிட்டு, நண்பருக்குத் தனியாக இப்படி எழுதலாம்: ‘ஐ ஆம் சோ சாரி. யுவர் ஃபாதர் நெவர் லெட் மீ லீவ் வித்அவுட் காபி.’ உங்க அப்பா என்னைக் காபி கொடுக்காமல் அனுப்பியதே இல்லை, அவ்வளவுதான். இதில் அகராதி பார்க்க வேண்டிய ஒரு வார்த்தைகூட இல்லை. வேறு யாரும் காப்பி செய்து போடவும் முடியாது.