கோரிக்கை மனு: எங்கள் குலைக்கு ஏற்ற அளவில் ஓர் ஆலை

அனுப்புநர்:
சிறு எண்ணெய்ப்பனை விவசாயிகள் சங்கம்,
காடே வட்டாரம், கிழக்கு மாகாணம், கானா.

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி, மரப்பயிர் வளர்ச்சி ஆணையம், குமாசி.
நகல்: மாவட்ட நிர்வாகத் தலைவர், காடே.

பொருள்: விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் சிறிய பாமாயில் ஆலை அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

காடே வட்டாரத்துக்கு எண்ணெய்ப்பனை புதிய பயிர் அன்று. குசியிலுள்ள எண்ணெய்ப்பனை ஆராய்ச்சி நிலையம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. டெனெரா எனும் கலப்பின ரகக் கன்றுகளை ஹெக்டேருக்கு 143 வீதம் நட்டு, காய்ப்புக்கு வரும்வரை மூன்று நான்கு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் நாங்கள். மரங்கள் எங்களை ஏமாற்றவில்லை. வெட்டிய குலையை விற்கும் இடத்தில்தான் இடறுகிறோம்.

வெட்டிய குலை காத்திருக்காது. பழம் அடிபட்டதுமே அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் நீராவியில் வேகவைத்தால்தான் அது அடங்கும். இந்தச் சிதைவால் உருவாகும் தனிக் கொழுப்பு அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் உணவுக்கான தரத்தை இழந்து, சோப்புக் காய்ச்சுபவர்கள் சொல்லும் விலைக்குப் போகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை எல்லாத் தோட்டங்களும் ஒரே நேரத்தில் காய்த்துக் கொட்டும்போது, பெரிய ஆலைகள் தங்கள் சொந்தத் தோட்டத்துக் குலையையும் ஒப்பந்த விவசாயிகளின் குலையையும் முதலில் எடுத்துக்கொள்கின்றன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாரங்களில் எங்கள் குலை சாலையோரத்தில் கிடக்கிறது. மழை பிடித்துவிட்டால் லாரி உள்ளே வராது. மூன்றாம் நாள் வரும் இடைத்தரகர் எடைகூடப் போடாமல், குவியலைக் கண்ணால் அளந்து ஒரு தொகை சொல்கிறார். கோகோ விவசாயிக்கு அரசு விலை அறிவிக்கிறது. எங்களுக்கு இடைத்தரகர் அறிவிக்கிறார். மரப்பயிர் ஆணையத்தை உருவாக்கிய 2019ஆம் ஆண்டின் 1010ஆம் எண் சட்டம் எண்ணெய்ப்பனை உள்ளிட்ட ஆறு பயிர்களை ஆணையத்தின் பொறுப்பில் வைத்திருப்பதால்தான் இந்த மனு தங்களிடம் வருகிறது.

நாங்கள் கேட்பது ஆலை. பெரிய ஆலை அன்று. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் ஆலை என்றதுமே மலேசியப் பாணிப் பெரிய ஆலையின் வரைபடம் மேசைக்கு வந்துவிடுகிறது. 1,000 ஹெக்டேர் சிறு தோட்டங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெக்டேருக்கு 6 டன் என்றால் ஆண்டுக்கு 6,000 டன் குலை. உச்ச மாதத்தில் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1,000 டன் வரலாம். மணிக்கு 2 டன் திறனுள்ள ஆலை தினம் 20 மணி நேரம் வீதம் 25 நாள் ஓடினால் அது தீர்ந்துவிடும். மணிக்கு 30 டன் ஆலைக்கு அதே குலை இரண்டு நாள் வேலைகூட ஆகாது. மீதி நாளெல்லாம் கடன் மட்டும்தான் ஓடும். அந்தக் கடனை அடைக்க வெளியாளைப் பங்குக்குச் சேர்ப்பார்கள், பிறகு ஆலை அவருடையதாகிவிடும்.

ஆகவே மணிக்கு 2 டன், பின்னால் இன்னொரு வரிசையைச் சேர்க்க இடம் விட்டு. நீராவி வேகவைப்பு, திருகு அழுத்தி, எண்ணெயைத் தெளிய வைக்கும் தொட்டிகள், நாரையும் ஓட்டையும் எரித்து ஓடும் கொதிகலன், குலை வரத்துக் குறைந்த மாதங்களுக்கு எண்ணெயை இருப்பு வைக்க ஒரு கொள்கலன்: இவை போதும். உதிரி பாகங்கள் தெமாவிலோ குமாசியிலோ கிடைப்பவையாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு இயந்திரப் பழுது பார்க்கும் பயிற்சியும் வேண்டும்.

ஆலையின் வாசலில் எடை மேடை. எங்களைக் கேட்டால், கொதிகலனைவிட இதுதான் முக்கியம். எடைச் சீட்டு இரண்டு பிரதிகளாக தரப்பட வேண்டும். எங்களில் பலர் அபுனு, அபுசா எனும் பங்கு முறைகளில், விளைச்சலை நிலத்துக்காரரோடு பாதியாகவோ மூன்றாகவோ பங்கிட்டுப் பயிரிடுகிறவர்கள். நிலத்துக்காரர் கையில் ஒரு சீட்டு, உழைத்தவர் கையில் ஒரு சீட்டு இருந்தால் பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடும். குலையின் விலை, கச்சா பாமாயிலின் விலையோடும் குலையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் விகிதத்தோடும் கட்டப்பட்ட சூத்திரத்தின்படி அமைய வேண்டும். மலேசியாவில் நடைமுறையில் இருப்பதுதான் இது. வாரந்தோறும் அந்த விலையைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

அடுத்தது, பலரும் பேசாமல் கடந்துவிடும் விஷயம். இந்த வட்டாரத்தில் பாமாயில் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு மரம்கூட இல்லை. குலை வாங்கி, பழம் உதிரும்வரை நாட்கணக்கில் குவித்துவைத்து, அண்டாவில் வேகவைத்துப் பிழிகிறார்கள். அந்த முறையில் 1 டன் குலைக்கு ஏறக்குறைய 120 கிலோ எண்ணெய் கிடைக்கும். நல்ல ஆலையில் 200 கிலோ வரை எடுக்கலாம். சில இடங்களில் விறகுக்குப் பதில் பழைய லாரி டயர்களை எரிக்கிறார்கள். அந்தப் புகையை முதலில் விழுங்குவது அடுப்பருகே நிற்பவர்கள்தான். புதிய ஆலை இவர்களுடைய குலையைப் பறித்துக்கொண்டால் ஒருவர் வயிற்றில் அடித்து இன்னொருவருக்குச் சோறு போட்டது ஆகும். எனவே நிலம் இல்லாத பெண்களும் பங்குதாரராகும் உரிமை வேண்டும். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அவர்கள் கொண்டுவரும் குலையை, நியாயமான கூலிக்கு ஆலை பிழிந்து கொடுக்க வேண்டும். கொட்டைப் பருப்பை வாங்கும் முதல் உரிமையும் அவர்களுக்கே.

எண்ணெயின் தரத்தைப் பற்றியும் ஒன்று. 2015இல் அக்ரா சந்தைகளில் சாயம் கலந்த பாமாயிலை உணவு மற்றும் மருந்து ஆணையம் கண்டுபிடித்த பிறகு, சிறு உற்பத்தியாளர் எல்லோரையுமே வாங்குபவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஆலையில் எளிய பரிசோதனைக் கூடம் ஒன்று இருந்தால் எங்கள் எண்ணெய்க்கு நாங்களே சாட்சி சொல்லலாம்.

கழிவுநீரைப் பற்றியும் இப்போதே பேசிவிடுகிறோம். 1 டன் குலையைப் பிழிந்தால் 600 லிட்டருக்கு மேல் எண்ணெய்ப்பசையுள்ள கழிவுநீர் வெளியேறும். பிரிம் ஆறு ஏற்கெனவே சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களால் சேறாகிக் கிடக்கிறது. சுத்திகரிப்புக் குட்டைகள் தயாராகாமல் ஆலையைத் திறக்கக் கூடாது. திறந்தால் முதல் எதிர்ப்பு எங்களிடமிருந்தே வரும்.

இயந்திரங்களின் செலவில் ஒரு பகுதியை மானியமாகவும் மீதியை நீண்டகாலக் கடனாகவும் கோருகிறோம். எங்கள் பங்குத்தொகையைக் குலை விலையிலிருந்து சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம். ஆலைக்கான இடம் ஊர்த் தலைவரின் ஆசனத்துக்கு உரிய நிலமாக இருந்தால், குத்தகை எழுத்தில் பதிவாக வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி இயந்திரம் இறக்க முடியாது.

மேற்கு ஆப்பிரிக்க மரமான எண்ணெய்ப்பனையின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. இன்று நம் நாடு அந்தத் திசையிலிருந்து பாமாயிலை இறக்குமதி செய்கிறது. இதைப் புகாராகச் சொல்லவில்லை. எண்ணெய்க்கு உள்ளூரிலேயே சந்தை இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

அடுத்த பிப்ரவரிக் காய்ப்புக்கு முன், தங்கள் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து குலை வரத்தைக் கணக்கெடுக்கவும், சங்கப் பிரதிநிதிகளைச் சந்திக்கத் தாங்கள் ஒரு நாள் குறித்துத் தரவும் பணிவுடன் வேண்டுகிறோம். பிரதிநிதிகளில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்
காடே