பதிப்பாளர் இல்லாத பதிப்பு

சென்னைப் புத்தகக் காட்சியில் எழுத்தாள நண்பர்களைச் சந்திக்கும்போது, "நூலை எந்தப் பதிப்பகம் வெளியிடுகிறது?" என்பதுதான் முன்பெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி. அண்மைக்காலமாக, "அச்சிலா, இணையத்திலா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பதிப்பகத்தின் வாசலில் காத்திராமல் தன் நூலைத் தானே வெளியிட்டுக்கொள்வது இன்று எவருக்கும் இயலக்கூடியதாகிவிட்டது. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தனது கிண்டில் மின்னூல் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளைச் சேர்த்தபோது இந்தக் கதவு அகலத் திறந்தது.

தன் நூலைத் தானே பதிப்பிப்பது தமிழுக்குப் புதிதன்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டி, 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அச்சுப்படிகளைத் தாமே திருத்தினார். அன்று பணமும் அச்சகமும் கிடைப்பது அரிதாக இருந்தது. இன்று அவை தடையில்லை. ஆனால், அவர் செய்த மற்ற வேலைகள் அப்படியே இருக்கின்றன. பதிப்பாளர் விலகிக்கொண்டதால் அவை மறைந்துவிடவில்லை; எழுத்தாளரின் தோளுக்கு மாறியிருக்கின்றன. இதை உணராமல் வெளியிடப்படும் நூல்களே இணையத்தில் மிகுதி.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். எங்கள் வட்டாரத்து ஏரி, குளங்களைப் பற்றி இருபது ஆண்டுகளில் சிற்றிதழ்களில் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பதிப்பகத்தை அணுகினேன். இருநூறு படிகளை நானே விலை கொடுத்து வாங்கிக்கொள்வதானால் அச்சிடலாம் என்றார்கள். அதை முழுக்க அவர்களின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஏரிகளைப் பற்றிய நூலுக்கு எத்தனை வாசகர்கள் கிடைப்பார்கள் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. அந்தத் தொகையைச் செலவிட மனமில்லாமல் இணையத்துக்கு வந்தேன்.

முதல் இடர்ப்பாடு எழுத்துருவிலேயே தொடங்கியது. பழைய கட்டுரைகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் தர நிர்ணயமாக அறிவித்துவிட்டது என்றாலும், பலரின் கணினிகளில் பழைய கோப்புகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. எழுத்துரு மாற்றிக் கருவியில் இட்டால் சில நொடிகளில் யூனிகோடு கிடைத்துவிடும். ஆனால், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும், 'ஸ்ரீ' உடையும். மாற்றிய பிறகு வரிவரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோப்பை வேர்டு வடிவிலோ இபப் வடிவிலோ தருவது நல்லது. பிடிஎஃப் கோப்பு, கைப்பேசித் திரைக்கேற்ப வரிகளை மடித்துக் காட்டாது.

அடுத்தது மெய்ப்புப் பார்த்தல். எழுதியவரின் கண், தாளில் இருப்பதைவிட மனத்தில் இருப்பதையே படிக்கும். ஆகவே, இன்னொருவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். நான் கொடுக்கவில்லை. நூல் வெளியான இரண்டாம் வாரம், வெளிநாட்டில் வாழும் வாசகர் ஒருவர், ஒரு கண்மாயின் பெயர் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருப்பதைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பினார். அன்றிரவே திருத்தினேன். அச்சு நூலில் இது இயலாது என்பது இணையத்தின் வசதிதான். ஆனால், அதற்கு முன்பு வாங்கியவர்கள் பிழையோடுதான் படித்தார்கள். ஓர் ஊரின் பெயரைப் பிழையாக எழுதிய நூலை ஆதாரமாகக் கொண்டு நாளை வேறொருவர் எழுதக்கூடும் என்பதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

கோப்பு தயாரான பின் உள்ள படிகள் எளியவை. கிண்டில் நேரடி வெளியீட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். வங்கிக் கணக்கு, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றைத் தர வேண்டும். அமெரிக்க வரி தொடர்பான வினாப்படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இந்திய, அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி, அமெரிக்க விற்பனையில் கிடைக்கும் உரிமத்தொகைக்கான வரிப் பிடித்தம் 30 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைவது அதன் மூலம்தான். அட்டைப்படம் 2,560-க்கு 1,600 பிக்செல் அளவில் இருப்பது உகந்தது. வாசகர் தேடிக் கண்டடைவதற்கான ஏழு குறிச்சொற்களைச் சிந்தித்து இட வேண்டும். பொதுவாக 72 மணி நேரத்துக்குள் நூல் கடைக்கு வந்துவிடும். விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள்களில் பணம் வரும்.

நிதானமாக முடிவு செய்ய வேண்டிய இடம் உரிமத்தொகை. 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இரு விகிதங்கள் உண்டு. இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு வேண்டுமானால், நூலை 90 நாள்களுக்கு அந்தத் தளத்துக்கே உரியதாக்கும் திட்டத்தில் சேர வேண்டும். அந்தக் காலத்தில் மின்வடிவத்தை வேறு கடையில் விற்கக் கூடாது. நம் சொந்த வலைப்பூவில் இலவசமாகத் தருவதும் விதிமீறலே. காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படும் என்பதால், விலக விரும்புவோர் நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தைவிட வாசகரே முக்கியம் என்போருக்கு, 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற தன்னார்வத் திட்டங்கள் உள்ளன. எது வேண்டும் என்பதை நூலை ஏற்றுவதற்கு முன்பே தீர்மானிப்பது நல்லது.

பதிப்புரிமை குறித்த தெளிவு இன்னும் முக்கியமானது. முன்பு அச்சில் வந்த நூலை மின்னூலாக்க நினைப்பவர்கள் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை ஒப்படைப்பு எழுத்து வடிவில் இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஒப்படைப்பின்போது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றி அந்த ஒப்படைப்பு செல்லாது என்று 2012-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் கூறுகிறது. மின்னூல் உரிமை தங்களிடமே இருப்பதை அறியாத எழுத்தாளர்களும், கைம்மாறிவிட்டதை அறியாமல் வெளியிடும் எழுத்தாளர்களும் நம்மிடையே உண்டு.

ஐஎஸ்பிஎன் எனப்படும் பன்னாட்டுத் தர நூல் எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதற்கெனத் தனித் தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கிண்டில் கடைக்கு இந்த எண் கட்டாயமில்லை. அது தன் சொந்த எண்ணைத் தந்துவிடும். ஆனால், அந்த எண் அந்தக் கடைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். நூலுக்கு வெளியுலகில் ஓர் அடையாளம் வேண்டுமெனில் ஐஎஸ்பிஎன் தேவை.

எழுத்தாளர் இத்தனையும் சரியாகச் செய்துவிட்டாலும் நம் சட்டங்களின் பார்வையில் அவரது நூல் அரை நூலாகவே நிற்கிறது. அச்சு நூலுக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. அச்சுப் பதிப்பு உள்ள நூலின் மின்வடிவத்துக்கு 5 விழுக்காடு என்ற சலுகை விகிதம் 2018 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இணையத்தில் மட்டும் வெளியாகும் நூலுக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்கு 18 விழுக்காடு வரி. அச்சிட வசதியில்லாதவரின் நூலுக்குத்தான் கூடுதல் வரி என்பது என்ன நியாயம்?

வரியைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் 30 நாள்களுக்குள் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். நூறாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் வந்து கேட்டாலும் நூல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அச்சு நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் மின்னூலுக்கு இடமில்லை. ஒரு தனியார் கடையின் கணினியில்தான் நம் நூல்கள் இருக்கின்றன. அந்தக் கடை நாளை தன் விதிகளை மாற்றினாலோ, ஒரு கணக்கை முடக்கினாலோ, எழுத்தாளர் மறைந்தபின் அவர் குடும்பத்தினர் கடவுச்சொல்லை அறியாதிருந்தாலோ அந்த நூலின் கதி என்ன?

செயற்கை நுண்ணறிவின் வரவு இந்தக் கேள்விகளை மேலும் அவசரமாக்கியிருக்கிறது. இயந்திரம் உருவாக்கிய உரை, படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை வெளியிடுபவர் தன்னிடம் அறிவிக்க வேண்டும் என்று அமேசான் 2023 செப்டம்பரில் விதித்தது. ஒருவர் ஒரு நாளில் ஏற்றக்கூடிய புதிய நூல்களை மூன்றாக வரையறுத்தது. ஒரு மனிதர் ஒரே நாளில் மூன்று நூல்களுக்கு மேல் ஏற்றுவதைத் தடுக்க ஒரு விதி தேவைப்பட்டது என்பதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம். அந்த வெள்ளத்தில் கவனத்துடன் எழுதிய நூலை அடையாளம் காட்டப்போவது அதன் செம்மை மட்டுமே.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. மின்னூலுக்கும் அச்சு நூலுக்கும் ஒரே வரிக்கொள்கை வேண்டும். நூல் வழங்கல் சட்டம் மின்னூலையும் உள்ளடக்க வேண்டும். பொது நூலகங்கள் நல்ல மின்னூல்களையும் தெரிவு செய்து வாங்க வேண்டும்.

அதுவரை எழுத்தாளர்கள் ஒன்று செய்யலாம். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளது. பத்துப் படிகள்கூட அச்சிட்டுக்கொள்ளலாம். நானும் அப்படியே செய்தேன். நான்கு படிகளைச் சட்டம் சொல்லும் நூலகங்களுக்கு அஞ்சலில் அனுப்பினேன். ஒன்றை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கொடுத்தேன். கண்மாயின் பெயர் இம்முறை எல்லா இடங்களிலும் ஒரே விதமாக இருக்கிறதா என்று, அனுப்புவதற்கு முன் நண்பர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.