பழைய படமும் புதிய கூர்மையும்



எமது குடும்பங்கள் பலவற்றில் ஊர் வாழ்வின் சாட்சியாக எஞ்சியிருப்பவை ஒருசில புகைப்படங்களே. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, காணி உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே பையில் வைத்துக் கொண்டுவரப்பட்டவை அவற்றுட் சில. அத்தகைய படங்களைக் கணனியில் ஏற்றிப் பெரிதாக்கும்போது நாம் அறியாமற் செய்யும் பிழைகளைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகின்றேன்.

எனக்குப் பழக்கமான குடும்பமொன்றில் அண்மையில் மூதாட்டி ஒருவர் காலமானார். அந்தியேட்டி நினைவு மலருக்காக அவரது இளமைக்காலப் படமொன்றைத் தேடினர். ஒன்றரை அங்குல அகலமும் இரண்டு அங்குல உயரமும் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்று ஊரிலுள்ள உறவினரிடம் இருந்தது. அதனைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து வாட்ஸ்அப் வழியாக அனுப்பினர். நால்வர் கைமாறி வந்த அப்படம் மங்கிப் போயிருந்தமையால், பேரன் அதனைச் செயலி ஒன்றில் இட்டுக் கூர்மையாக்கினான். இமை மயிர்கள் தனித்தனியே தெரிந்தன, முகம் பளிங்காயிற்று. மூத்த மகன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வடிவாய்த்தான் இருக்கு, தம்பி. ஆனால் இது அம்மா இல்லை" என்றார். இடது கன்னத்து அம்மைத் தழும்பு மறைந்துபோயிருந்தது.

பேரனிற் குற்றமில்லை. இத்தகைய செயலிகள் எண்ணற்ற பிறர் முகங்களைப் பார்த்துப் பழக்கப்பட்டவை. படத்தில் இல்லாத விபரத்தை அவை ஊகத்தால் நிரப்புகின்றன. கூர்மையாக்குதல் என்பது உள்ளதைத் தெளிவுறக் காட்டுவது. இல்லாததைப் படைப்பது அன்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

கணனிப் படம் என்பது நிறப் புள்ளிகளின் அடுக்கு. நன்றாக அச்சிடுவதற்கு அங்குலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் வேண்டும். கைமாறி வந்த படத்தில் இருந்தவையோ அகலத்தில் 300, உயரத்தில் 400 புள்ளிகள் மாத்திரமே. அதாவது, ஓர் அங்குல அகலத்திற்கே அது போதுமானது. அதே மூலப்படத்தை ஸ்கானரில் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் வீதம் பதிவுசெய்திருந்தால் 1800க்கு 2400 புள்ளிகள் கிடைத்திருக்கும். ஆறு அங்குல அகலம் வரை அச்சிட அது போதும். படத்தாளிலேயே இல்லாத நுணுக்கத்தை ஸ்கானரும் தரமாட்டாதெனினும், உள்ளதை அது இழக்காது.

ஆகவே பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ண முறையிலேயே பதிவுசெய்யுங்கள். பழுப்பேறிய கறைகளைப் பின்னர் பிரித்து நீக்க அது உதவும். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தெடுக்க முயலவேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பதிவுசெய்யலாம்.

இரண்டாவது, மூலக் கோப்பை ரி.ஐ.எவ்.எவ். வடிவிற் சேமியுங்கள். ஜே.பி.ஜி. வடிவம் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக விபரங்களைக் கழித்துவிடுகின்றது. அதனைப் பிரதி செய்வதாற் குறைவில்லை. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் தரம் தேய்கின்றது. மூலத்தைத் தொடாது, பிரதி ஒன்றிலேயே வேலை செய்யுங்கள்.

மூன்றாவது, கறைகளையும் கீறல்களையும் முதலிற் திருத்தி, அதன்பின் வேண்டிய அளவுக்கு மாற்றுங்கள். அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறவேண்டும். இல்லையேல் முகம் சப்பையாகிவிடும்.

நான்காவது, கூர்மையாக்குதலை இறுதியிலேயே செய்யுங்கள். முன்னதாகச் செய்தால் அளவு மாற்றும்போது அது கெட்டுவிடும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் செயலியில் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்றொரு கருவி உண்டு. மங்கலான பிரதியொன்றை மூலத்தகட்டோடு சேர்த்து வைத்துத் தெளிவு காணும் பழைய இருட்டறை முறையிலிருந்து வந்த பெயர் அது. விளிம்புகளில் இருண்ட பக்கத்தை மேலும் இருளாகவும் வெளிச்சமான பக்கத்தை மேலும் வெளிச்சமாகவும் அது ஆக்குகின்றது. ஆரத்தை 1 அல்லது 2 ஆகவும் அளவை 0.5 ஆகவும் வைத்துத் தொடங்குங்கள். தலைமயிரைச் சுற்றி வெள்ளைக்கோடு தோன்றினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள், குறையுங்கள். உப்பைப் போன்றதே இதுவும்.

ஐந்தாவது, வாட்ஸ்அப்பில் அனுப்புவதாயின் படமாக அனுப்பாது, 'ஆவணம்' என்ற வழியால் அனுப்புங்கள். அப்போது கோப்பு சுருங்காது சென்றடையும்.

மேற்சொன்ன குடும்பத்தினர் இவ்வாறே செய்தனர். ஊரிலுள்ள உறவினர் படத்தைக் கடையொன்றிற்குக் கொண்டுசென்று ஸ்கான் செய்து, ஆவணமாக அனுப்பிவைத்தார். நினைவு மலரில் அச்சான முகம் சற்றே மென்மையானதுதான். இமை மயிர்களை எண்ண முடியாது. ஆனால் தழும்பு இருந்தது. மகன் அதனை விரலாற் தொட்டுக் காட்டி, அம்மாவுக்கு அம்மை கண்ட கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்.

வரும் விடுமுறை நாளில் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். படங்களில் உள்ளோரை அடையாளங்காட்டக்கூடிய முதியோர் அருகிலிருக்கும்போதே இப்பணியை ஆரம்பித்தல் நன்று.