ஈரற்புழுவும் ஊர்க்குட்டையும்

கறவை குன்றி, உடல் மெலிந்து, தாடையின் கீழ் நீர் கோத்து நிற்கும் மாட்டைக் கண்டால், தீனி போதவில்லை என்று கருதிப் பிண்ணாக்கையும் தவிட்டையும் அதிகமாய் இடுவது குடியானவர் வழக்கம். அவ்வாறு செய்தும் மாடு தேறாவிடின், அதன் சாணத்தைக் கால்நடை மருந்தகத்திற் பரிசோதிப்பித்தல் அவசியம். ஈரலிலுள்ள தட்டைப்புழுவின் முட்டைகள் அதிற் காணப்படலாம். தென்னாட்டில் மாடு, எருமை, ஆடு இவற்றைப் பீடிக்கும் வகை, இலை போன்ற வடிவுடன் ஏறக்குறைய 7 செண்டிமீட்டர் நீளம் வரை வளர்வது. அது பித்தக் குழாய்களில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும்.

இப்புழு ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்கு நேரே தொற்றுவதில்லை. சாணத்தோடு நீரிற் சேர்ந்த முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு, சுமார் ஒரு நாளைக்குள் தனக்கேற்ற நீர்நத்தையின் உடலிற் புகாவிடில் இறந்துபோம். புகுந்ததாயின், அங்கே பன்மடங்கு பெருகி வெளிப்பட்டு, நீரோரப் புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அப்புல்லை மேயும் கால்நடை நோயடையும். இங்கிலாந்தில் 1879-80-ஆம் ஆண்டுகளில் செம்மறியாடுகள் இலட்சக்கணக்கில் மாண்டன. அதன் பின்னர், இதற்கு இனமான மற்றொரு வகைப் புழுவை ஆராய்ந்து, ஆக்ஸ்போர்டில் தாமஸ் என்பவரும் ஜெர்மனியில் லாய்க்கார்ட் என்பவரும் நத்தையின் பங்கை 1883-க்குள் வெளியிட்டனர்.

ஆகவே மருந்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. 1980-களில் வழக்கிற்கு வந்த டிரைக்ளாபெண்டசோல் இளம்புழுக்களையும் கொல்லும். ஆயினும் 1990-களில் அதற்கு அடங்காத புழுக்கள் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் தோன்றின. மேலும், மருந்துண்ட மாட்டை மறுபடியும் அதே குட்டைக்கரையில் மேயவிட்டால், செலவிட்ட பணம் வீணேயாம்.

மாடு தனித்தனியார் சொத்து. குட்டையோ ஊரார் அனைவருக்கும் பொது. ஒருவர் மருந்தளித்தும் அயலார் அளிக்காவிடில், அயலார் மாட்டின் சாணத்தால் இவர் மாடு மீண்டும் கெடும். ஒற்றைப் பசுவை நம்பிப் பிழைக்கும் ஏழைக்கு இந்நஷ்டம் பெரிது. ஆதலின் இது ஊர்க்கடமையாக ஏற்கத்தக்கது. குட்டையின் சதுப்புக் கரைக்கு வேலியிட்டு, மேட்டில் தொட்டி கட்டி நீர் காட்டுதல் வேண்டும். வாத்துகளை விட்டு நத்தைகளைக் குறைக்கலாம். சாணத்தை நீரிற் சேரவிடாது எருக்குழியில் மக்கவைத்தலும், ஈரநிலத்தில் அறுத்த புல்லையும் வைக்கோலின் அடித்தாளையும் நன்கு உலர்த்தி இடுதலும் அவரவர் செய்யத்தக்கன.

தொட்டிக்குப் பணம் ஏது என்று சிலர் வினவக்கூடும். ஆண்டுதோறும் வற்றிப்போகும் பாலையும், அடிமாட்டு விலைக்குப் போகும் பசுக்களையும் கணக்கிட்டால், அப்பணத்தை ஊரார் ஏற்கெனவே செலுத்தி வருவது விளங்கும். மழைக்காலம் தொடங்குமுன் ஊராட்சியாரும் கிராம அதிகாரிகளும் கலந்து முடிவு செய்வார்களாயின், ஊர்க் கால்நடைகளுக்குப் பெரும் நன்மையாகும்.