இன்ஜினை இறக்கும் முன்

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி எம்-சாண்ட் ஏற்றிவரும் ஒரு லாரிக்காரர் என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, வண்டி திடீர்னு ஆயில் குடிக்குது. இன்ஜினை இறக்கணும்னு சொல்லுதாவ."

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இறக்கச் சொன்னவர்கள் புகை என்ன நிறம் என்று கேட்கவில்லை, ஒரு குழாயைக் கழற்றவில்லை. நேரே லைனர், பிஸ்டன் செலவுதான்.

'திடீர்' என்று அவர் சொன்னதே பாதி வைத்தியம். தேய்மானத்தில் போகும் ரிங் மெல்லத்தான் போகும். ஆயில் செலவும் மாதக்கணக்கில் கூடிவரும். நேற்றுவரை சரியாக இருந்த வண்டி இன்று குடித்தால், முதலில் இன்ஜினுக்கு வெளியே தேட வேண்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றினால் ஆயில் தேங்கியிருக்கிறதா? பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா? ரேடியேட்டர் தண்ணீர் பால் விட்ட சாயா நிறத்துக்கு மாறியிருந்தால் ஆயில் கூலரைச் சந்தேகிக்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து, மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வ் சீல், கைடு. ஏற்றத்தில் விடாமல் நீலப் புகை வந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்தும் புகை தள்ளினால் மட்டுமே ரிங் பேச்சு.

திடீரென ரிங்கைத் தின்பதும் ஒன்று உண்டு: குவாரித் தூசி. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸில் ஒரு கிழிசல் இருந்தால், ஃபில்டரைத் தொடாமலே கல்பொடி உள்ளே போகும். கொஞ்ச நாளில் லைனரை உரசித் தீர்த்துவிடும். அந்த ஹோஸைப் பார்க்காமல் இன்ஜினைக் கட்டினால் புது ரிங்கும் அதே வழியில் போகும். கடன் வாங்கி இன்ஜின் கட்டியவர்கள் இரண்டாம் தடவையும் கடன் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் வந்த லாரிக்காரரின் வண்டியில் புகையே இல்லை. அடியில் ஒழுகலும் இல்லை. ஏர் டேங்கின் டிரெயின் காக்கைத் திறக்கச் சொன்னேன். கறுப்புக் குழம்பாக ஆயில் பீய்ச்சியது. பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசருக்கு இன்ஜின் ஆயில்தான் போகிறது. அதன் ரிங் தேய்ந்தாலோ, ஆயில் திரும்பும் வழி அடைத்தாலோ, காற்றோடு சேர்ந்து ஆயிலும் டேங்குக்குப் போய்விடும். கம்ப்ரசரைக் கழற்றி வேலைக்குக் கொடுத்தாயிற்று. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பணம் மிஞ்சியதில் அவருக்குச் சந்தோஷம். எனக்குக் கவலை வேறு. அந்த ஆயில் பிரேக் வால்வுகளுக்குள்ளும் போயிருக்கும். ரப்பர் சீல்கள் ஊறி உப்பியிருக்கும். கம்ப்ரசர் திரும்பி வந்ததும் லைன்களைக் கழுவி, வால்வுகளைப் பிரித்துப் பார்க்காமல் லோடு ஏற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இன்ஜினை இறக்கி, லைனர் மாற்றி, கம்ப்ரசரை அப்படியே விட்டிருந்தால், பிரேக்கில் ஆயிலோடு அந்த லாரி வழியிலுள்ள அமரவிளைக் கடைவீதிக்குள் முழு லோடோடு வந்திருக்கும்.