மருந்தா? மருந்தின் பெயரா?

நமது தஞ்சைச் சீமையில் நெல் வாங்கப் போகிறவன் எவனும் மூட்டையின் மேலிருக்கும் முத்திரையைப் பார்த்து விலை பேசுவதில்லை. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்த பிறகே வாய் திறக்கிறான். ஆனால் அதே மனிதன், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும் அந்தப் புத்தியைக் களத்திலேயே விட்டுவிட்டு, "சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுப்பது மட்ட மருந்து, பெரிய கம்பெனி மருந்துதான் உயிர் காக்கும்" என்று நம்பி, இருக்கிற இரண்டு மா நிலத்தையும் விற்கத் துணிகிறான். இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

நோயைத் தடுப்பது மருந்தின் உள்ளிருக்கும் பொருளா, அட்டைப் பெட்டியின் மேலிருக்கும் பெயரா? ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கப்படும் இமாட்டினிப் என்ற மருந்தைப் பாருங்கள். நோவார்ட்டிஸ் என்னும் சுவிட்சர்லாந்து கம்பெனி அதற்குக் கிளிவெக் என்று பெயரிட்டு, மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. நம் நாட்டுக் கம்பெனிகளோ அதே மருந்தைச் சுமார் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. அவர்களைத் தடுப்பதற்காக நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் மறுத்தது. பழைய சரக்கின் உருவத்தை மாற்றினால் மட்டும் போதாது, நோயைத் தீர்க்கும் சக்தி கூடியிருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 2013 ஏப்ரல் 1 இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நிற்க, சர்க்கார் எப்படி மருந்து பொறுக்குகிறது? 1994 இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளைப் பொதுப் பெயரிலேயே டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. வந்த சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, வெளிப் பரிசோதனைச் சாலைகளுக்கு அனுப்பி, தேறினால்தான் ஆஸ்பத்திரிகளுக்கு விடுகிறது. பெயரை மறைத்துச் சோதிப்பதல்லவா யோக்கியமான சோதனை?

ஆனால், மலிவாயிருப்பதெல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு மூடநம்பிக்கையே. மாத்திரையானால், முதல் மருந்தைப் போலவே ரத்தத்தில் கலக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மார்புப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் போல உயிரணுக்களில் வளர்த்துச் செய்யும் மருந்தானால், நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த கணக்கும் வேண்டும். 2025 இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்த இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் மாண்டனர். அந்தப் புட்டியின் மேலும் ஒரு பெயர் இருந்தது. பெயர் விஷத்தைத் தடுத்ததா?

ஆகவே தோழர்களே, நிலத்தை விற்குமுன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மருந்தின் பொதுப் பெயர் என்ன? அது சர்க்கார் ஆஸ்பத்திரியில் உண்டா? அதன் பரிசோதனை முடிவு என்ன? சர்க்காரையும் கேட்கிறோம்: எந்தச் சரக்கு தேறியது, எது தவறியது என்பதை ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சுவரிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். சோதித்ததைக் கண்ணால் பார்த்தால் ஜனங்கள் தாமே நம்புவார்கள். காட்டாமல் நம்பச் சொல்லுவது வைத்தியமாகாது.